ஊமைக் காருக்கு வைத்த குறி

சல்லி என்கிற எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரு சாமானை இனாமாகக் கொடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும் அவனுடைய குணம். கையை நீட்ட மாட்டான். நீட்டி வாங்கினாலும் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டான். வேலியோரம் வைத்துவிட்டு இரண்டு நாள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பான். சுனாமிக்குப் பிறகு யாரோ தந்துவிட்டுப் போன நீலத் தண்ணீர்த் தாங்கி ஒன்று எங்கள் ஒழுங்கையில் இன்றைக்கும் கவிழ்ந்தபடி கிடக்கிறது. சும்மா தந்ததற்குள் என்ன கிடக்குமோ என்று ஒருவரும் அதில் தண்ணீர் ஊற்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நான் என்ன வேற்றூரிலிருந்தா வந்தவள்.

இப்படிப்பட்ட ஊரிலும் எல்லாரையும் விடக் கூடுதலாகச் சந்தேகப்படுகிற மனுசன் என்றால், அது என் பக்கத்து வளவுக் கதிரவேல் அண்ணன்தான். மீன் வாங்க வருகிற வியாபாரி தராசைத் தூக்கினால், இவர் தட்டின் அடியைத் தடவிப் பார்ப்பார். பூசாரி திருநீறு கொடுத்தால்கூட மணந்து பார்த்துத்தான் பூசுவார் என்று கோணேஸ்வரி சொல்லிச் சிரிப்பாள். கோணேஸ்வரி அவருடைய மனைவி. அவளும் இலேசுப்பட்டவள் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த மனுசன் கார் வாங்கினதே ஒரு சந்தேகத்தில்தான். பெற்றோலும் மண்ணெண்ணெயும் இல்லாமல் நாடே தவித்த வருசம், சாம்பல்தீவுச் சந்தியில் கானோடு வரிசையில் நின்று நின்று வெறுத்துப் போனார். எண்ணெய் வந்துவிட்டது, ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. "இனி ஒருத்தன்ர எண்ணெயையும் நம்பி நான் சீவிக்க மாட்டன்" என்று தோணியையும் எஞ்சினையும் விற்றார். மருமகனும் கொஞ்சம் போட, வெளிநாட்டில் ஓடிக் கழித்த ஒரு மின்சாரக் காரைக் கொழும்பிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து கொட்டிலில் விட்டார்.

வீட்டுச் சுவரில் ஒரு பெட்டியைப் பூட்டி அதில் வயரைக் கொழுவினால் விடியச் சார்ஜ் ஏறிவிடும். சத்தமே இராது. ஒழுங்கைக்குள் அது வருவது ஆடு கோழிக்குக்கூடத் தெரியாது. ஊர் அதற்கு ஊமைக் கார் என்று பேர் வைத்தது. நிலாவெளி ஹோட்டல்களில் தங்குகிற வெள்ளைக்காரரைக் கோணேசர் கோவிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்கும் ஏற்றி இறக்கி, அந்தக் காரால்தான் அவர்கள் வீட்டுக் குசினியில் அடுப்பெரிந்தது.

கச்சான் காற்று எழும்பி மணலை வாரி முகத்தில் அடிக்கத் தொடங்கின நாட்களில் அந்தப் போன் வந்தது. அண்ணன் வேலியடியில் நின்று பல்லுத் தீட்டிக்கொண்டிருந்தார். நான் இந்தப் பக்கம் சூடையைக் கருவாட்டுக்குப் பரப்பிக்கொண்டிருந்தேன். எவருடைய அழைப்பு என்றாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். ஒரு சாட்சி இருக்க வேண்டுமாம்.

"வணக்கம் சேர். கதிரவேல் அவர்களோட கதைக்கலாமா?" கொழும்புப் பிள்ளை ஒன்று, செய்தி வாசிக்கிற மாதிரிக் குரல்.

"நீங்கள் ஆர்?"

"உங்கட காரின்ர கொம்பனியில இருந்து கதைக்கிறம் சேர். அந்த வகைக் கார்களின்ர பற்றரியில தயாரிக்கேக்கையே ஒரு குறை இருந்தது எண்டு கண்டுபிடிச்சிருக்கினம்."

"ஆர் கண்டுபிடிச்சது? கார் இஞ்ச நிக்குது. ஒருத்தரும் வந்து பாக்கேல்லையே."

"எல்லாக் காருக்கும்தான் சேர் சொல்லுறம். நாங்கள் இலவசமா மாத்தித் தருவம்."

"நான் ஒரு முறைப்பாடும் செய்யேல்லையே பிள்ளை."

"நீங்கள் செய்யத் தேவையில்லை சேர்."

"அப்ப என்னத்துக்குத் தாறியள்?"

அந்தப் பிள்ளை இதற்குப் பதில் படித்து வைத்திருக்கவில்லைப் போல. காரின் அடிச்சட்டத்து நம்பரையும் இவருடைய அடையாள அட்டை நம்பரையும் வாசித்தாள். அதோடு கெட்டது காரியம். அண்ணன் வாயிலிருந்த பற்பொடியைத் துப்பினார்.

"வேற என்னென்ன தெரியும் எங்களைப் பற்றி?"

"சேர், முக்கியமான விசயம், பற்றரி மாத்தும் மட்டும் காரை வீட்டுக்குப் பக்கத்தில..."

அவர் போனை நிறுத்திவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கேட்டியே தங்கச்சி. வித்தவன் எவனாவது தன்ர சாமான் பழுது எண்டு தேடி வந்து சொன்னவனே? வீட்டில ஆள் ஆர், அட்டை நம்பர் என்ன எண்டெல்லாம் வச்சிருக்கிறாங்கள். இதில என்னவோ இருக்கு."

"அதுதானே அண்ணை" என்றேன். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அடுத்த கிழமை வீட்டுக்குள் வெடித்தது. மகள் நிருஜா பிள்ளைப் பேற்றுக்கு வந்திருந்தாள். அவளுடைய புருசன் தர்மிகன் கட்டாரில். துடக்குக் கழிந்தும் தாயோடுதான் இருந்தாள். அவளும் பச்சைப்பிள்ளையும் படுக்கிற அறையின் சுவருக்கு மற்றப் பக்கம்தான் கார்க் கொட்டில். சார்ஜ் பெட்டி பூட்டியிருந்ததும் அதே சுவரில். அன்று மத்தியானம் நான் கொஞ்சம் பால்சுறா கொண்டுபோய்க் கொடுத்தேன், பால் ஊறட்டும் என்று. கோணேஸ்வரி அதை அவித்து உதிர்த்து வறை வறுத்துக்கொண்டிருந்தாள். நிருஜா தகப்பனுடைய போனை வாங்கிப் பிள்ளையைக் கட்டாருக்குக் காட்டிவிட்டு, அப்படியே எதையோ வாசித்தபடி குசினி வாசலுக்கு வந்தாள்.

"அப்பா, இதென்ன மெசேஜ்?"

"அதை விடு. ஏமாத்துக்காரர்."

"வாகனத்தை முழுமையாகச் சார்ஜ் செய்ய வேண்டாம். வீட்டுக்குள்ளோ வீட்டுச் சுவரை ஒட்டியோ நிறுத்த வேண்டாம். தீப்பற்றும் அபாயம் உண்டு" என்று அவள் வாசித்தாள். "போன கிழமை வந்திருக்கு, அம்மா."

கோணேஸ்வரி அகப்பையைச் சட்டியிலேயே விட்டாள்.

"ஒரு கிழமையா உங்களுக்குத் தெரியுமோ?"

"அவங்கள் சொல்லுவாங்கள். மூண்டு வருசமா ஓடுது. ஒரு புகை கண்டியே?"

"கண்டாப் பிறகோ பாக்கிறது? பச்சைப்பிள்ளையின்ர தலைமாட்டில நெருப்பை நிப்பாட்டி வச்சிட்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறியள்."

"கோணேசு, கொஞ்சம் யோசிச்சுப் பார். காரைக் கொண்டு வா, விட்டிட்டுப் போ எண்டுவாங்கள். எங்கட நல்ல பற்றரியக் கழட்டி எடுத்துப்போட்டு ஆற்றயோ செத்த பற்றரியப் பூட்டி விடுவாங்கள். உள்ளுக்க கிடக்கிற சாமான், ஆருக்குத் தெரியும்? பிறகு பாதி வழியில நிக்கும். வெள்ளைக்காரனை நடுறோட்டில இறக்கி விட்டா, அடுத்த முறை கூப்பிடுவானே? கார் போனா என்னத்தைத் தின்னுறது?"

"பிள்ளை போனா என்னத்தைத் தின்னுறது?"

"அச்சாக் கதை கதைக்கிறாய். வாயில நல்ல சொல்லு வராதே?"

நிருஜா சண்டை பிடிக்கவில்லை. பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "நான் திரியாய்க்குப் போறன். மாமி வீட்டை" என்றாள். அவ்வளவுதான். ஹயர் ஓட்டம் முடிந்து வந்தால் கைகால் கழுவி நேரே பேரப்பிள்ளையிடம் போகிற மனுசன் அவர். சட்டியில் வறை அடிப்பிடிக்கிற மணம் வந்தது. நான்தான் போய் இறக்கி வைத்தேன்.

கடைசியில் ஒத்துக்கொண்டார். கொம்பனி ஆட்கள் திருகோணமலைக்கு வந்து உட்துறைமுக வீதியில் ஒரு வளவில் வைத்து வேலை செய்வதாக மெசேஜில் இருந்தது. அங்கே கொண்டுபோவது என்று முடிவு. அதுவரைக்கும் கார் ஒழுங்கை மூலையில் பூவரசின் கீழே நிற்கும், சார்ஜ் ஹோட்டலில் ஏற்றுவது. "உங்களுக்காகத்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த எனக்கு, இது இத்தோடு முடியாது என்று தெரிந்தது.

எங்களூரில் எஞ்சின் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தோணி எஞ்சினைத் திருத்தக் கொடுக்கும் முன், அதன் பாகங்களில் களவாகக் குறி வைப்பார்கள். அரத்தால் ஒரு கீறல், இல்லாவிட்டால் ஒரு பொட்டு மை. எஞ்சின் திரும்பி வந்ததும் குறி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் தங்கள் சாமான், இல்லாவிட்டால் மாற்றிவிட்டான். அதிலும் ஒரு கெட்டித்தனம். ஒரு குறி மற்றவனுக்கு, ஒரு குறி தனக்கு. முதலாவதைக் கொஞ்சம் தேடினால் கண்டுபிடிக்கிற மாதிரி வைப்பது. களவெடுக்கிறவன் அதைக் கண்டதும், இவ்வளவுதான் என்று மேற்கொண்டு தேட மாட்டான். இரண்டாவதை எங்கே வைத்தோம் என்று பெண்சாதிக்கும் சொல்வதில்லை.

சண்டைக் காலத்தில் ஒருமுறை படையாட்கள் ஊரின் எஞ்சின்களை எல்லாம் பதிவுக்கு என்று ஏற்றிக்கொண்டு போய்க் கன நாள் கழித்துத் தந்தார்கள். கதிரவேல் அண்ணனுக்கு வந்தது அவருடைய எஞ்சின் மாதிரியே இருந்தது. குறி மட்டும் இல்லை. "என்ர இல்லை எண்டு தெரியும். ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?" என்று இப்போதும் சொல்வார். வாங்கிக்கொண்டு வந்து அதில்தான் தொழில் செய்தார்.

ஆகவே கோணேஸ்வரி சந்தைக்குப் போன ஒரு காலை, மனுசன் காரைத் தென்னங்குற்றிகளில் ஏற்றி, அடியில் சாக்கை விரித்துப் படுத்துவிட்டார். இதையெல்லாம் பிறகு அவரே சொல்லக் கேட்டதுதான். அடித்தகட்டைக் கழற்றினால் காரின் அகலத்துக்கு ஒரு பெட்டி, அதுதான் பற்றரி. பெட்டியின் மூடி சேருகிற இடத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு ஸ்ரிக்கர். அதைக் கத்தி நுனியால் தூக்கி, அடியில் நகத்துக்குப் பூசுகிற சிவப்புக் கியூடெக்ஸால் ஒரு பொட்டு வைத்து, காய்ந்த பிறகு ஸ்ரிக்கரைத் திரும்ப அமத்திவிட்டார். அந்த ஸ்ரிக்கர் தூக்கினால் காட்டிக்கொடுக்கிற சாதி என்பது அவருக்குத் தெரியாது. அது மற்றவனுக்கான குறி. தனக்கான குறி எங்கே என்று அவர் அப்போது சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கெட்ட காலத்துக்கு அந்தக் கியூடெக்ஸை அவர் நிலாவெளியில் பரீதாவின் வளையல் கடையில் வாங்கியிருந்தார். பிள்ளைக்குக் கறுப்பு வளையல் வாங்கப் போன கோணேஸ்வரியிடம் பரீதா சும்மாதான் கேட்டாள்.

"அண்ணன் கியூடெக்ஸ் வாங்கிட்டுப் போனாரே, நல்ல சிவப்பு. மகளுக்கா?"

பச்சைப்பிள்ளைக்காரி நகத்துக்கு மை பூசுவாளா. கோணேஸ்வரி "ஓம் ஓம்" என்று சிரித்துவிட்டு வந்தாள். வந்து அவருடைய சேட்டுப் பைகளைத் தட்டிப் பார்த்தாள். பிறகு கார்க் கதவைத் திறந்து முன்பெட்டிக்குள் கையை விட்டாள். போத்தல் இருந்தது. பாதி முடிந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே என் வேலிக்கு வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"மச்சாள், பாதி முடிஞ்சிருக்கு."

"அதுக்கு?"

"அந்த ஹோட்டலில யோகா பழக்குற வெள்ளைக்காரி ஒருத்தி இருக்கிறாள். காலில எல்லாம் பூசிக்கொண்டு திரியிறவள். கிழமைக்கு ரெண்டு தரம் இவர்தான் ஏத்திக்கொண்டு போறது."

"உமக்கென்ன விசரே? அந்த மனுசன் வெள்ளைக்காரியையும் மணந்து பாத்துத்தான் ஏத்தும்."

அவள் சிரிக்கவில்லை. "கேக்க மாட்டன். கேட்டாப் பொய் சொல்லுவார். கையும் களவுமாத்தான் பிடிக்க வேணும்" என்று போத்தலைக் கைப்பைக்குள் வைத்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவர் மூடி மறைக்கிற ஆள்தான், அதை ஆர் இல்லை என்கிறது.

வேலைக்குக் கொண்டுபோகிற நாள் வந்தது. தானும் வருவதாகக் கோணேஸ்வரி வெளிக்கிட்டு நின்றாள். பத்திரகாளி அம்மனுக்கு ஒரு நேர்த்தியாம். தன்னை நம்பாமல்தான் காவலுக்கு வருகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் நினைத்தது வேறு. இரண்டு பேரும் சாம்பல்தீவுப் பாலம் தாண்டி, உப்புவெளி தாண்டி, உட்துறைமுக வீதி மட்டும் ஒரு சொல்லுக் கதைக்கவில்லையாம். கார்தான் ஊமை என்றால் உள்ளே இருந்ததும் அப்படித்தான்.

கடலைப் பார்த்த ஒரு மதில் வளவு. வாசலில், திருகோணமலைத் தெருக்களில் மாடு மாதிரித் திரிகிற புள்ளிமான்கள் இரண்டு நின்று யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தன. உள்ளே தகரக் கூரையின் கீழ் காரை உயர்த்துகிற இயந்திரம். வேலை செய்தவன் அகீல் என்கிற கிண்ணியாப் பெடியன். நீலச் சேட்டு, மரியாதையான பேச்சு. அந்த மரியாதையே கதிரவேல் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

"பக்கத்தில நிண்டு பாக்கலாமோ தம்பி?"

"நில்லுங்க அங்கிள், பாருங்க. கொஞ்சம் தள்ளி."

கார் மேலே போனது. அகீல் தகட்டைக் கழற்றி, லைற்றைப் பிடித்துப் பார்த்தான். ஸ்ரிக்கரை விரலால் தடவினான்.

"இத ஆரோ தொறந்திரிக்காங்க அங்கிள்."

"ஒருத்தரும் திறக்கேல்லை."

"இந்த ஸ்ரிக்கரத் தூக்கினா அதில எழுத்து விழும். விழுந்திரிக்கி, பாருங்க."

"நான் வாங்கேக்கையே அப்பிடித்தான் கிடந்தது."

"அப்பிடியெண்டா நாங்க கை வைக்க ஏலா. வெளியாள் தொறந்த பற்றரியத் தொடக்கூடாது எண்டு செல்லிரிக்காங்க."

கதிரவேல் அண்ணன் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியே? நான் என்ன சொன்னனான்? இனாம் எண்டு கூப்பிடுவாங்கள், வந்தாப் பிறகு ஒரு சாட்டுச் சொல்லுவாங்கள். இறக்குங்கோ தம்பி காரை, நாங்கள் போறம்."

அகீல் இறக்கவில்லை. ஸ்ரிக்கரின் நுனியைப் பிடித்து உரித்தான். அதன் கீழே சிவப்பாக ஒரு பொட்டு. நகத்தால் சுரண்டி, விரலைப் பார்த்தான்.

"இது கியூடெக்ஸ்."

வேம்பின் கீழே கதிரையில் இருந்த கோணேஸ்வரி எழும்பினாள். மெதுவாக வந்து, முக்காடு மாதிரித் தலையில் போட்டிருந்த முந்தானையை இழுத்துவிட்டு, அண்ணாந்து பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து போத்தலை எடுத்து அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஒரே சிவப்பு.

"இதுக்கோ வாங்கினீங்கள்?"

"எதுக்கு?"

"இந்தப் போத்தலை. இதுக்கு மட்டும்தானோ வாங்கினீங்கள்? வேற ஒருத்திக்கும் இல்லையோ?"

"எவளுக்கு? உனக்கென்ன பிடிச்சிருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள். சிரித்த வாயோடு அகீலிடம் சொன்னாள், "தம்பி, இது இவர்தான். என்ர மனுசன்தான் திறந்து பூசினவர். வேற ஒருத்தரும் இல்லை, சத்தியமா இவர்தான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது. வெள்ளைக்காரியிடமிருந்து புருசனை மீட்டெடுத்த கையோடு பெடியனிடம் பிடித்துக் கொடுத்துவிட்டாள். கதிரவேல் அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொய் பிடிபட்டு நிற்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

"ஏன் அங்கிள்?" என்றான் அகீல்.

அதற்குக் கோணேஸ்வரிதான் பேசினாள். "தம்பி, இவர் களவெடுக்கத் திறக்கேல்லை. களவு போகாமல் இருக்கத் திறந்தவர். எங்கட ஆக்கள் அப்பிடித்தான், குறி வைக்காமல் ஒண்டையும் குடுக்க மாட்டினம். பிழைதான். ஆனா வீட்டில பச்சைப்பிள்ளை இருக்கு. நீங்கள் இதை இப்பிடியே திருப்பி அனுப்பினா, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்திலதான் இது வந்து நிக்கப்போகுது. அதை மட்டும் யோசியுங்கோ."

அகீல் தள்ளிப் போய்க் கொழும்போடு சிங்களத்தில் கன நேரம் கதைத்தான். திரும்பி வந்து, இங்கே செய்ய முடியாது, காரைக் கொழும்புக்கு அனுப்பச் சொல்கிறார்கள் என்றான்.

"அங்க பெட்டியோட முழுசா மாத்துவாங்க. புதுப் பெட்டி வரும். பழசத் திருப்பிப் பூட்டவே மாட்டாங்க, நொறுக்கித்தான் போடுவாங்க."

"நானும் கூட வாறன்."

"லொறியில ஆள் ஏற ஏலா அங்கிள்."

"அப்ப வேண்டாம். சாவியைத் தாங்கோ."

"இந்தக் கார் இப்பிடியே வீட்டை வந்தா" என்றாள் கோணேஸ்வரி, "நான் வீட்டை வரமாட்டன். பிள்ளையையும் மகளையும் கூட்டிக்கொண்டு திரியாய்க்குப் போவன். நீங்களும் காருமா இருங்கோ."

அவர் சாவியைக் கொடுத்தார். லொறி காரை ஏற்றிக்கொண்டு மான்களுக்கு ஹோர்ன் அடித்தபடி போனது. அது திரும்புகிற வளைவு மட்டும் பார்த்துவிட்டு, "அண்டைக்கும் எஞ்சினை இப்பிடித்தான் ஏத்தினவங்கள்" என்று மட்டும் சொன்னாராம். இருவரும் நிலாவெளி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.

கார் இல்லாத நாட்களில் மனுசன் கரைவலை இழுக்கப் போனார். தோணிக்குச் சொந்தக்காரனாக இருந்த ஆள், இந்த வயதில் மற்றவனுடைய கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் பின்னுக்கு நடந்தார். தோள் பிய்ந்து போனது. கோணேஸ்வரி பின்னேரம் நல்லெண்ணெய் தடவிவிடுவாள். "ஊமைக் கார் இனிக் கொழும்புச் சிங்களம் கதைச்சுக்கொண்டு வரும்" என்று வலைக்காரர் பகிடி பண்ணினார்கள். தினம் போன் எடுப்பார். "செய்துகொண்டிருக்கிறம் சேர்." அந்த ஒரு வசனம்தான்.

கடைசியில் ஒரு பின்னேரம் லொறி ஒழுங்கை முனையில் வந்து நின்றது. கழுவித் துடைத்து, புதுமாப்பிள்ளை மாதிரி இறக்கினார்கள். கோணேஸ்வரி சில்லுகளுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். அண்ணன் பழையபடி கொட்டிலுக்குள் விட்டு, சுவர்ப் பெட்டியில் வயரைக் கொழுவினார். நிருஜா அறைக்குள் பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டுவது எனக்குக் கேட்டது. பிறகு, வேறென்ன, மனுசன் சாக்கை விரித்துக் காருக்குக் கீழே போய்விட்டார்.

கன நேரம் காலிரண்டு மட்டும் வெளியே தெரிந்தது. எழும்பி வந்தபோது தலையெல்லாம் மணல், முகமெல்லாம் சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்து நான் கண்டு எவ்வளவோ காலம்.

"கோணேசு, இஞ்ச வா. எங்கட சாமான்தான். மாத்தேல்லை. என்ர குறி அப்பிடியே கிடக்கு."

"எந்தக் குறி? அதைத்தான் அந்தப் பெடியன் சுரண்டிப்போட்டானே."

"அது மற்றவனுக்கு. புது மை அடிச்சு, புது ஸ்ரிக்கர் ஒட்டி, எல்லாம் செய்திருக்கிறாங்கள். ஆனா எனக்கு வச்ச குறி அவங்களுக்குத் தெரியாதே. பெட்டியின்ர பின்மடிப்புக்குள்ள மூண்டு கோடு அராவி விட்டனான். விரலுக்குத் தட்டுப்படுது."

"பெட்டியிலயோ?"

"ஓம், பெட்டியிலதான்."

கோணேஸ்வரி அவரைப் பார்த்தாள். "பெட்டியோட மாத்துவம் எண்டல்லோ அந்தப் பெடியன் சொன்னது. பழசை நொறுக்குவம் எண்டானே. அப்ப இவங்கள் எதை மாத்தினவங்கள்?"

அவருடைய சிரிப்பு முகத்திலேயே நின்றது, ஆனால் கண்ணிலிருந்து போய்விட்டது. என் கையிலிருந்த ஓலைக் கடகத்தை நான் கீழே வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டில் கயிறு கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. கோணேஸ்வரிதான் முதலில் அசைந்தாள். ஓடிப் போய்ச் சுவர்ப் பெட்டியை நிறுத்தி, வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

"நிருஜா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிய வா."

அண்ணன் கார்க் கதவில் கை வைத்தார். "அதில ஏறாதேங்கோ. தள்ளுவம்" என்றாள் கோணேஸ்வரி. அவர் உள்ளே கையை விட்டு பிரேக்கை மட்டும் இளக்கினார். நான் வேலியைப் பிரித்துக்கொண்டு போனேன். மூன்று பேருமாகத் தள்ளி, ஒழுங்கையைத் தாண்டி, கரைவலை காயப்போடுகிற வெறும் மணலுக்குக் கொண்டுபோனோம். சில்லு புதைந்தது. அதற்கு மேல் போகாது. நிருஜா பூவரசின் கீழே பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

மூச்சு வாங்கிக்கொண்டே அண்ணன் அகீலுக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில்தான்.

"கம்பியூட்டர்ல புதுப் பெட்டி பூட்டினது எண்டுதான் இரிக்கி அங்கிள். வேல முடிஞ்செண்டு போட்டாச்சி."

"இல்லைத் தம்பி. இது என்ர பழைய பெட்டி."

"எப்பிடித் தெரியும்?"

அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோணேஸ்வரியைப் பார்த்தார். தன் குறியை இன்னொருவனுக்கு வாயால் சொன்ன சல்லிக்காரனை நான் கண்டதில்லை.

"சொல்லுங்கோ" என்றாள் கோணேஸ்வரி. "பிள்ளைக்காகச் சொல்லுங்கோ."

"இன்னொரு குறி வச்சனான் தம்பி. அது கிடக்கு."

"போட்டோ எடுத்து அனுப்புங்க."

அவர் லைற்றைப் பிடிக்க, கோணேஸ்வரி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு காருக்குக் கீழே ஊர்ந்தாள். அவளுடைய விரலைப் பிடித்து அந்த மடிப்புக்குள் வைத்தார். "இஞ்ச. தெரியுதே? மூண்டு." "ஓம், தெரியுது." படம் போனது. பதிலுக்குக் குரலாகவே வந்தது, அடங்கின குரலில்.

"அங்கிள், இத வேற ஒருத்தருக்கும் காட்டாதீங்க. கொழும்புக்கும் செல்லாதீங்க. நானே வந்து பாக்கிறன்."

மூன்று பேரும் மணலில் நின்றோம். கச்சான் காற்று காரின் மேல் மணலைக் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் ஒருத்தருக்கும் காட்ட வேண்டாமாம்?" என்றாள் கோணேஸ்வரி.

"தெரியேல்லை."

"எங்களுக்கு நல்லதுக்குச் சொல்லுறானோ, தன்ர வேலையைக் காப்பாத்தச் சொல்லுறானோ?"

"அதுவும் தெரியேல்லை."

"அவன் வந்து அந்தக் கோட்டையும் அராவி எடுத்துப்போட்டான் எண்டா? பிறகு என்னத்தைக் காட்டுறது? படம் வேற காரின்ர எண்டுவாங்கள்."

"எடுக்கட்டும்" என்றார் கதிரவேல் அண்ணன். உடம்பிலிருந்த மணலைத் தட்டினார். "இன்னுமொண்டு கிடக்கு."

கோணேஸ்வரி அப்படியே நின்றாள். கலியாணம் கட்டி இத்தனை வருசம், அவளுடைய முகத்தில் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்து நின்றதை அன்றைக்குத்தான் கண்டேன். "எங்கயெண்டு கேட்டா எனக்குச் சொல்லுவீங்களோ?" என்று கேட்டாள்.

அவர் சுற்றிலும் பார்த்தார். நான் நிற்பதைப் பார்த்தார். பிறகு குனிந்து அவளுடைய காதுக்குள் என்னவோ சொன்னார். அவள் கேட்டுவிட்டு, ஒருதரம் திரும்பிக் காரைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

அகீல் இன்றைக்கு வாறன், நாளைக்கு வாறன் என்கிறான். கார் மணலில்தான் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது. அதன் நிழலில் ஆடு படுக்கக்கூடக் கோணேஸ்வரி விடுவதில்லை. சுவருக்கு மற்றப் பக்கம் கொட்டில் வெறுமையாகக் கிடக்க, பிள்ளை நன்றாக நித்திரை கொள்கிறது. மனுசன் கயிறு இழுக்கப் போகிறார். அந்த மூன்றாவது குறி எங்கே என்று நானும் மீன் வெட்டும்போது, தண்ணீர் அள்ளும்போது, எத்தனையோ தரம் கோணேஸ்வரியிடம் கதையோடு கதையாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். "உங்களுக்கேன் மச்சாள் அது?" என்கிறாள். ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவள் நான், காரைத் தள்ளினவளும் நான். என்னையும் நம்பவில்லை.